முதியோர் பராமரிப்பும் சொத்துப் பாதுகாப்பும்

(உரையின் வாசகம்)

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரின் தொகை 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 7.7 கோடியாக இருந்தது. 2011-இல் அது 10.4 கோடியாக உயர்ந்தது. 2050-ஆம் ஆண்டளவில் நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் முதியவராக இருப்பார் என்பது ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் 2023-இல் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீடு. ஆயுள் நீண்டது மருத்துவத்தின் வெற்றி. திட்டமிட்ட வளர்ச்சியின் பயன்களில் ஒன்று. ஆனால், நீண்ட ஆயுளோடு ஒரு செலவும் வந்திருக்கிறது. பக்கவாதத்தால் படுத்தவரையும், நினைவாற்றல் இழந்தவரையும், எலும்பு முறிந்து எழ இயலாதவரையும் ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொள்ளும் செலவு அது. மருத்துவமனைக் கட்டணம் சில நாள்களில் முடிந்துவிடும். பராமரிப்புச் செலவுக்கு முடிவு தேதி கிடையாது.

இச்செலவை ஏற்பது யார்? நம் நாட்டில் இவ்வினாவுக்குப் பெரும்பாலும் ஒரே விடைதான் உண்டு: குடும்பம். குடும்பத்தின் கையில் இதற்கென இருக்கும் முதல் எது? பெரும்பாலும் முதியவர் குடியிருக்கும் வீடு ஒன்றே. எனவே, அவ்வீட்டின் உரிமையை முதியவர் எப்போது, எவ்வாறு, என்ன நிபந்தனையுடன் அடுத்த தலைமுறைக்கு மாற்றுகிறார் என்பது சட்டப் பிரச்சினை மட்டுமன்று. அது அவருடைய கடைசி ஆண்டுகளின் உணவு, மருந்து, கண்ணியம் ஆகியவற்றைப் பற்றிய பொருளாதாரப் பிரச்சினையும் ஆகும்.

பிற நாடுகள் கண்ட வழி

ஜெர்மனி 1995-இல் நீண்டகாலப் பராமரிப்புக்கெனக் கட்டாயக் காப்பீட்டைக் கொண்டுவந்தது. ஜப்பான் 2000-இல் அவ்வழியைப் பின்பற்றியது. அங்கு 40 வயது முதல் ஒவ்வொருவரும் சந்தா செலுத்துகின்றனர், செலவின் ஒரு பெரும் பகுதியை வரிப்பணம் ஏற்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிலைமை வேறு. அங்கு முதியோருக்கான பொதுக் காப்பீடு நீண்டகாலப் பராமரிப்பை ஏற்பதில்லை. வறியோருக்கான மெடிக்கெய்டு திட்டம் ஏற்கிறது. ஆனால், சேமிப்பைப் பெரும்பாலும் கரைத்த பிறகே அதில் சேர முடியும். விண்ணப்பத்துக்கு முந்திய ஐந்தாண்டுகளில் சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் உதவி தள்ளிப்போகும். முதியவர் இறந்த பின் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து செலவை அரசு மீட்கவும் சட்டம் உண்டு. இதனால், சொத்தைப் பங்கிடுவதும் பராமரிப்புக்குப் பணம் தேடுவதும் அங்கு ஒரே வழக்கறிஞரிடம் கேட்கப்படும் ஒரே கேள்வியாகிவிட்டன.

சிங்கப்பூர் 1995-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. பிள்ளைகளின் கடமையைத் தீர்ப்பாயத்தின் வாயிலாக நிறைவேற்றச் செய்யும் சட்டம் அது. நம் நாட்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007 ஏறத்தாழ இவ்வகையைச் சேர்ந்தது. நம்மிடம் பராமரிப்புக் காப்பீடு இல்லை. அரசு பராமரிப்புச் செலவை ஏற்றுச் சொத்திலிருந்து மீட்கும் ஏற்பாடும் இல்லை. பிள்ளையின் கடமையும் பெற்றோரின் சொத்துமே நம் முதியோருக்குக் காப்பீடு. இவ்விரண்டையும் இணைக்கும் கயிறு சட்டம்.

மும்பையில் மூன்று பகுதிகள்

சட்டம் நாடெங்கும் ஒன்றாயினும், வீட்டின் மீதுள்ள உரிமை ஒரே தன்மையது அன்று. இதனை மும்பையில் தமிழர் செறிந்து வாழும் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்று பகுதிகளிலும் தெளிவாகக் காணலாம். ஒன்றுக்கொன்று சில மைல் தொலைவே உள்ள இப்பகுதிகளில் முதியவர் குடியிருக்கும் வீடு மூன்று வெவ்வேறு சட்டங்களுக்கு உட்பட்டது.

தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள் இன்று மூன்றாம், நான்காம் தலைமுறையினர். அங்குக் குடிசைவாசிக்கு இருப்பது நிலத்தின் உடைமை அன்று; குடியிருந்ததற்கான சான்றும், அதனால் விளையும் மறுகுடியமர்வு உரிமையுமே. 1976-இல் நடந்த குடிசைக் கணக்கெடுப்பின் பின் வழங்கப்பட்ட போட்டோ பாஸ், குடும்ப அட்டை, மின்கட்டண இரசீது, வாக்காளர் பட்டியல் ஆகியவையே அங்குப் பத்திரங்கள். தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதை நிறுவுவோர்க்கு இலவச வீடு உண்டு. அதற்குப் பின் வந்தோருக்கும் மேல்தளவாசிகளுக்கும் வேறு விதிகள். ஆகவே, எந்த ஆண்டு முதல் யார் பெயரில் ஆவணம் இருக்கிறது என்பதே அங்குச் சொத்தின் மதிப்பு. மாநிலக் குடிசைச் சீரமைப்பு விதிகளின்படி ஒதுக்கீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாக அளிக்கப்பட வேண்டும். கணவர் இறந்த பின் ஆவணங்களை மகன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொள்ளச் சம்மதித்துக் கைநாட்டு வைக்கும் விதவைத் தாய், தன் கையிலிருந்த ஒரே முதலைத் தானே விட்டுக்கொடுத்தவர் ஆகிறார்.

மாட்டுங்கா, 1896-இல் கண்ட பிளேக் நோய்க்குப் பின் அமைக்கப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்டு திட்டமிட்டு எழுப்பிய புறநகர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் தோன்றிய இப்பகுதியில், எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த தென்னிந்தியர் பலர் வாடகைக் கட்டடங்களில் குடியேறினர். முன்பணமாகப் பெருந்தொகை கொடுத்துக் குறைந்த வாடகையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் ‘பக்டி’ முறை மும்பையில் உண்டு. இவ்வீடு சந்தையில் பெரும் விலை பெறுவது உண்மை. ஆயினும், வாடகை உரிமையை உயிலின் மூலம் எழுதிவைக்க முடியாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் பழைய பம்பாய் வாடகைச் சட்ட வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. இப்போது நடைமுறையிலுள்ள மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன்படி குடக்கூலியாளர் இறக்கும்போது அவருடன் குடியிருந்த குடும்ப உறுப்பினருக்கே அவ்வுரிமை செல்லும். அத்தகையோர் இல்லாதபோதுதான் வாரிசுகளுள் ஒருவருக்குச் செல்லும்.

இதில் முதியோர் கவனிக்க வேண்டிய மற்றொரு விதி உண்டு. தக்க காரணமின்றி ஆறு மாதம் தொடர்ந்து வீட்டைப் பயன்படுத்தாதிருந்தால் வீட்டுச் சொந்தக்காரர் காலி செய்யக் கோரி வழக்குத் தொடரலாம். உடல்நலம் குன்றி மகள் வீட்டுக்கோ முதியோர் இல்லத்துக்கோ செல்லும் குடக்கூலியாளர், சிகிச்சைச் சான்றுகளையும் வாடகை இரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டியதன் அவசியம் இங்கே புலப்படும். பராமரிப்பை நாடிச் சென்றதே வீட்டை இழக்கக் காரணமாகிவிடக் கூடாது.

செம்பூரின் நிலை இவ்விரண்டினும் வேறானது. டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணு ஆராய்ச்சி நிலையமும் உரத் தொழிற்சாலையும் தோன்றியதும் மாதச் சம்பளக் குடும்பங்கள் இப்பகுதியில் பெருகின. அவர்களுட் பலர் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் உறுப்பினராகிச் சொந்த வீடு பெற்றனர். இங்கு உரிமை தெளிவானது. ஆபத்து வேறு வடிவில் வருகிறது. ‘சங்கத்தில் மகன் பெயரை நாமினியாகக் கொடுத்துவிட்டோம், இனி உயில் எதற்கு?’ என்பது பரவலான எண்ணம். நாமினி என்பவர் சொத்தைப் பெற்று உரியவரிடம் ஒப்படைக்க வேண்டியவரே அன்றி, உரிமையாளர் அல்லர். ஆயுள் காப்பீட்டைப் பொறுத்து 1984-லும், நிறுவனப் பங்குகளைப் பொறுத்து 2023-லும் உச்ச நீதிமன்றம் இக்கருத்தை உறுதி செய்தது. காப்பீட்டுச் சட்டத்தில் மட்டும் 2015-இல் செய்யப்பட்ட திருத்தம், வாழ்க்கைத் துணை, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர் நாமினியாக இருப்பின் பணம் அவர்களுக்கே உரியது என்ற விலக்கை அளித்தது. வீட்டுவசதிச் சங்கங்களைப் பொறுத்தவரை, மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட விதிப்படி, உரிய வாரிசுகள் சேர்க்கப்படும்வரை நாமினி தற்காலிக உறுப்பினரே.

தானமா, உயிலா?

வீட்டை வாழ்நாளிலேயே பிள்ளைக்குத் தானமாக எழுதிக் கொடுப்பதா, இறந்த பின் செல்லும்படி உயில் எழுதுவதா என்பதே முதியவர் எடுக்கும் முடிவுகளில் தலையாயது. மகாராஷ்டிரத்தில் குடியிருப்பு வீட்டை மகனுக்கோ மகளுக்கோ பேரனுக்கோ தானம் செய்யும் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 200 ரூபாய்தான். செலவு குறைவாயிருப்பதால், ‘இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் தொல்லை இல்லை’ என்ற அறிவுரை எளிதில் எடுபடுகிறது. பத்திரம் பதிவான நாள் முதல் உரிமை கைமாறிவிடும். உயிலோ, எழுதியவர் இறக்கும்வரை வெறும் காகிதமே. எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முத்திரைத் தீர்வையும் இல்லை.

இவ்வேறுபாட்டின் பொருளாதார விளைவைப் பொருளியலறிஞர் ஆராய்ந்துள்ளனர். பெர்ன்ஹைம், ஷ்லைஃபர், சம்மர்ஸ் ஆகிய மூவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வொன்று, பின்னர் பங்கிடத்தக்க செல்வத்தைப் பெற்றோர் தம் கையில் வைத்திருக்கும்போது பிள்ளைகள் அவர்களை அடிக்கடி வந்து பார்ப்பதும் தொடர்பு கொள்வதும் மிகுதியாக இருப்பதைச் சுட்டிக்காட்டியது. பாசத்தைக் குறைத்து மதிப்பிடுவது இதன் நோக்கமன்று. பாசமுள்ள குடும்பத்திலும் மருமகளின் வேலை, பேரப்பிள்ளையின் படிப்பு, சிறு வீட்டின் நெருக்கடி என்று பல தேவைகள் முதியவரின் தேவையோடு போட்டியிடுகின்றன. முடிவெடுக்கும் உரிமை கையில் உள்ளவரின் சொல்லுக்கே அந்தப் போட்டியில் எடை இருக்கும்.

2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இவ்விடத்தில் உதவிக்கு வருகிறது. மூத்த குடிமகன் ஒருவர், தம் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையுடன் சொத்தை மாற்றிக் கொடுத்து, பெற்றவர் அதனை நிறைவேற்றத் தவறினால், அம்மாற்றம் மோசடியாலோ வற்புறுத்தலாலோ நடந்ததாகக் கருதப்பட்டு, கொடுத்தவர் விரும்பினால் தீர்ப்பாயத்தால் செல்லாததென அறிவிக்கப்படலாம். இங்கு ‘நிபந்தனையுடன்’ என்ற சொல்லே உயிர்நாடி. அந்நிபந்தனை இருந்ததை நிறுவாவிடில் இப்பிரிவு துணைவராது என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இச்சட்டம் முதியோர் நலனுக்கானது ஆதலின் தாராளமாகப் பொருள்கொள்ளப்பட வேண்டும் எனவும், தீர்ப்பாயம் வீட்டைத் திரும்ப ஒப்படைக்கவும் ஆணையிடலாம் எனவும் தீர்ப்பளித்தது. தானப் பத்திரம் எழுதப்பட்ட அன்றே, தாயைக் கவனித்துக்கொள்வதாக மகன் தனித்தாளில் எழுதிக் கொடுத்த உறுதிமொழி அவ்வழக்கில் முக்கியச் சான்றாயிற்று.

இதிலிருந்து பெறும் பாடம் எளிது. தானம் செய்தே ஆகவேண்டும் என்றால், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். எழுதிக் கொடுப்பவரும் அவருடைய வாழ்க்கைத் துணையும் ஆயுள் முழுதும் அவ்வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும். ‘அன்பினாலும் பாசத்தினாலும் கொடுக்கப்பட்டது’ என்ற வழக்கமான வாசகம் மட்டும் இருந்தால் பின்னர் வாதாடுவது கடினம். பத்திரம் எழுதுவோர் ஒரு வரி கூடுதலாக எழுதினால் பல ஆண்டு வழக்கு மிச்சப்படும்.

உயிலின் நடைமுறை

உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டியதில்லை. பதிவு செய்வதும் கட்டாயமன்று, ஆயினும் நன்று. எழுதியவர் கையொப்பமிட வேண்டும்; இரண்டு சாட்சிகள் அதனைக் கண்டு கையொப்பமிட வேண்டும். சாட்சிகள் உயிலால் பயனடையாதவர்களாகவும், எழுதுபவரினும் வயதில் இளையவர்களாகவும் இருப்பது நலம். முதுமையில் எழுதப்படும் உயிலோடு, அன்றைய தினம் அவர் தெளிந்த மனநிலையில் இருந்தார் என்ற மருத்துவர் சான்றை இணைத்தால் பிற்காலத் தகராறு குறையும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். உயிலைத் தமிழிலேயே எழுதலாம். படிக்க இயலாத மொழியில் எழுதப்பட்ட ஆவணத்தில் கையொப்பமிடுவதைவிட அதுவே பாதுகாப்பானது. மும்பையில் அதனைப் பதிவு செய்யும்போது, பதிவுச் சட்டத்தின்படி, அம்மாவட்டத்தில் வழங்கும் மொழியில் அதன் மெய்யான மொழிபெயர்ப்பை உடன் அளிக்க வேண்டியிருக்கும். மும்பையில் வீடும் ஊரில் நிலமும் உள்ளவர் ஒரே உயிலில் இரண்டையும் குறிப்பிடலாம். ஊரிலுள்ளது பிரிக்கப்படாத பூர்விகச் சொத்தாயின், தம் பங்கை மட்டுமே அவர் எழுதிவைக்க முடியும்.

மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நகரங்களில் இந்துக்கள் எழுதிய உயிலுக்கு நீதிமன்றத்தில் புரோபேட் என்னும் மெய்ப்பிதழ் பெற்றாக வேண்டும் என்பது நெடுங்கால விதி. இதற்கான செலவும் காலதாமதமும் பலரை உயில் எழுதுவதிலிருந்தே விலக்கிவைத்தன. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்க, திருத்தச் சட்டம் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-ஆம் பிரிவை நீக்கி, இக்கட்டாயத்தை அகற்றியது. தகராறு எழுந்தால் உயிலை மெய்ப்பிக்கும் பொறுப்பு முன்போலவே இருக்கிறது. ஆனால், தகராறு இல்லாத குடும்பம் நீதிமன்றப் படியேற வேண்டிய நிர்ப்பந்தம் இனி இல்லை.

உயில் இல்லாவிடில், இந்து ஆண் ஒருவரின் சொத்து அவருடைய மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமமாகச் செல்லும். நான்கு பிள்ளைகளுள்ள விதவை, தாம் ஐம்பது ஆண்டு குடியிருந்த வீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கே உரியவர் ஆகிறார். பிள்ளையும் கணவரும் இல்லாத பெண்ணின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தும், உயில் இல்லாவிடில், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி முதலில் கணவரின் வாரிசுகளுக்கே செல்லும். கடைசிவரை உடனிருந்து கவனித்த தங்கைக்கோ அண்ணன் மகளுக்கோ அன்று. இத்தகைய பெண்களுக்கு உயில் ஆடம்பரமன்று, இன்றியமையாதது.

நினைவு தவறும் காலம்

வயதான தந்தை மகளுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வங்கிக் கணக்கையும் வாடகையையும் கவனிக்கச் செய்வது வழக்கம். ஆனால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்ததும் அவ்வதிகாரம் முடிந்துவிடும். அதாவது, அது மிகவும் தேவைப்படும் நாளில்தான் செல்லாததாகிறது. மனநிலை தவறிய பின்னும் தொடரக்கூடிய நிலைத்த அதிகாரப் பத்திரத்தை இங்கிலாந்து முதலிய நாடுகள் சட்டத்தில் ஏற்றுள்ளன. நம் நாட்டில் அதற்கெனச் சட்டம் இல்லை. நினைவிழந்து கிடப்போரின் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தை நாடிப் பாதுகாவலர் நியமனம் பெற்று வருகின்றனர். சாதாரணக் குடும்பத்துக்கு இது எளிய வழியன்று.

ஆகவே, நினைவு தெளிவாக இருக்கும்போதே சில ஏற்பாடுகளைச் செய்துவைக்க வேண்டும். வங்கிக் கணக்கைக் கணவன் மனைவி அல்லது நம்பகமான பிள்ளையுடன் கூட்டுக் கணக்காக்குதல் முதலாவது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி முன் ஆணையும் நியமனப் பிரதிநிதியும் அமைத்தல் இரண்டாவது. உயிர்காக்கும் செயற்கைச் சிகிச்சை பற்றிய தம் விருப்பத்தை, 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து 2023-இல் எளிமையாக்கிய முறைப்படி, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு அலுவலர் முன் எழுதிவைத்தல் மூன்றாவது.

செலவுக்கு வழி

பராமரிப்பின் செலவை எண்ணிப் பார்ப்பது அவசியம். ஓர் எடுத்துக்காட்டாக, வீட்டோடு இருந்து கவனிக்கும் ஆயாவுக்கும் மருந்துக்கும் மாதம் 20,000 ரூபாய் ஆவதாகக் கொண்டால், ஐந்தாண்டில் அது 12 இலட்சம் ரூபாய். இதற்கு எதிரே பொதுத் திட்டங்கள் தருவது என்ன? இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய், அதற்கு மேல் 500 ரூபாய். மகாராஷ்டிர அரசு தன் ஸ்ராவண்பாள் திட்டத்தின் கீழ் வறிய முதியோருக்குக் கிடைக்கும் தொகையை 2023-இல் மாதம் 1,500 ரூபாயாக உயர்த்தியது. 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமானம் எதுவாயினும், ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கான ஆயுஷ்மான் பாரத் பாதுகாப்பு 2024 அக்டோபரில் விரிவுபடுத்தப்பட்டது. இது பெரிய முன்னேற்றம். ஆனால், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் தொடரும் பராமரிப்பு இதில் அடங்காது. ஓய்வூதியம் அன்றாட உணவுக்குத் துணை. ஆயுஷ்மான் அறுவைச் சிகிச்சைக்குத் துணை. இரண்டுக்கும் இடைப்பட்ட நெடிய காலமே குடும்பத்தின் சுமை.

வீட்டை விற்காமலே அதிலிருந்து வருமானம் பெறும் வழி ஒன்று 2007-இல் தேசிய வீட்டுவசதி வங்கியால் வகுக்கப்பட்டது. அதுவே ‘ரிவர்ஸ் மார்ட்கேஜ்’ எனப்படும் தலைகீழ் அடமானக் கடன். 60 வயதைக் கடந்த வீட்டுக்காரர் வீட்டை அடமானம் வைத்து வங்கியிடமிருந்து மாதந்தோறும் பணம் பெறலாம். வாழ்நாள் முழுதும் அவ்வீட்டிலேயே குடியிருக்கலாம். பெறும் தொகைக்கு வருமான வரி இல்லை. இறந்த பின் வாரிசுகள் கடனைத் தீர்த்து வீட்டை மீட்கலாம், அல்லது வங்கி விற்று எஞ்சியதை அவர்களிடம் தரும். ஆனால், தெளிவான உரிமையுள்ள, சொந்தமாகச் சம்பாதித்த, இன்னும் பல்லாண்டு நிற்கக்கூடிய வீட்டுக்கே இது பொருந்தும். செம்பூர்ச் சங்க வீட்டுக்காரர் இதனை நாடலாம். மாட்டுங்காவின் பக்டி வீட்டுக்கோ தாராவிக் குடிசைக்கோ இதில் இடமில்லை. தகுதியுள்ளோரும் இதனை அதிகம் நாடவில்லை. வீட்டைப் பிள்ளைக்கு விட்டுச்செல்வதே பெற்றோரின் கடமை என்ற எண்ணம் அதற்கு முதற்காரணம். பராமரிப்புச் செலவு முழுதும் பிள்ளையின் தோளில் ஏறும்போது, கடனில்லாத வீட்டை விட்டுச்செல்வது பிள்ளைக்கும் எப்போதும் இலாபமன்று என்பதைக் குடும்பங்கள் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும்.

தீர்ப்பாயமும் இலவசச் சட்ட உதவியும்

தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோர் மகனிடமோ மகளிடமோ பராமரிப்புக் கோரலாம். மணமான மகளுக்கும் இக்கடமை உண்டு என்பதை 1987-லேயே உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. பிள்ளையில்லாத முதியவர், தம் சொத்தை அனுபவிக்கும் அல்லது பின்னர் அடையவிருக்கும் உறவினரிடம் கோரலாம். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயத்துக்குத் துணைக்கோட்ட அலுவலர் தரத்துக்குக் குறையாத அலுவலர் தலைவர். விண்ணப்பத்தை முதியவரே தரலாம். இயலாவிடில் அவர் அதிகாரமளித்த வேறொருவரோ தொண்டு நிறுவனமோ தரலாம். தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் சமரச முயற்சி, பின் விசாரணை. எதிர்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்த 90 நாளுக்குள் முடிவு என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. இடைக்காலத் தொகைக்கும் ஆணையிடலாம். தாராவி, மாட்டுங்கா மக்கள் மும்பை நகர மாவட்டத்தையும், செம்பூர் மக்கள் மும்பை புறநகர் மாவட்டத்தையும் சேர்ந்தவர்கள். எங்கு விண்ணப்பிப்பது என்பதில் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும்.

சட்டத்தின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. மாதப் பராமரிப்புத் தொகைக்கு 2007-இல் விதிக்கப்பட்ட உச்சவரம்பு 10,000 ரூபாய். மேலே எண்ணிய எடுத்துக்காட்டுச் செலவில் இது பாதியே. இவ்வரம்பை நீக்கவும், பிள்ளை என்ற சொல்லின் பொருளை விரிக்கவும் 2019 டிசம்பரில் கொண்டுவரப்பட்ட திருத்த மசோதா நிறைவேறாமலே, 2024-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. முதியவர் வீட்டைத் திரும்பக் கேட்கும்போது அங்குக் குடியிருக்கும் மருமகளின் உறைவிட உரிமையையும் சீர்தூக்க வேண்டும் என 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு பெண்ணின் பாதுகாப்பை மற்றொரு பெண்ணின் தெருவாசத்தால் ஈட்டுவது நீதியாகாது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பது தயக்கத்துக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அரசியலமைப்பில் 1976-இல் சேர்க்கப்பட்ட 39-அ உறுப்பின் வழிவந்தது 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். அது 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், ஊனமுற்றோர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச உதவிக்கு உரியவர்கள். பிறருக்கு மாநிலம் வகுக்கும் வருமான வரம்பு உண்டு. எனவே, தாராவியின் முதிய விதவை மட்டுமன்றி, மாட்டுங்காவின் முதிய விதவையும் வருமானம் பாராமல் இதற்கு உரியவர். முதியோருக்கெனத் தேசிய ஆணையம் 2016-இல் தனித்திட்டம் வகுத்தது. சட்ட உதவிக்கு 15100, முதியோர் உதவிக்கு 14567 ஆகிய தொலைபேசி எண்கள் உள்ளன.

செய்ய வேண்டியவை

அலுவலர்களும் மாணவர்களும் இதில் ஆற்றத்தக்க பணி உண்டு. பத்திரப் பதிவு அலுவலகங்களில், 60 வயது கடந்தவர் தானப் பத்திரம் கொண்டுவரும்போது, பராமரிப்பு நிபந்தனையும் ஆயுட்கால உறைவிட உரிமையும் எழுதப்பட்டுள்ளனவா எனக் கேட்டு, 23-ஆம் பிரிவை அவருடைய மொழியில் விளக்கிச் சொல்லலாம். இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. மறுகுடியமர்வுக் கணக்கெடுப்பு நடைபெறும் இடங்களில் விதவைகளின் பெயர் விடுபடாதிருக்கக் கணக்கெடுப்போர் தனிக்கவனம் செலுத்தலாம். கூட்டுறவுச் சங்கச் செயலாளர்கள் நாமினிப் படிவம் பெறும்போது, ‘இது உயிலுக்கு மாற்றன்று’ என்ற ஒரு வரியைப் படிவத்தில் அச்சிடலாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் சட்ட உதவி முகாம்களில் தமிழிலும் மராத்தியிலும் உயில் மாதிரிகளைத் தயாரித்து வழங்கலாம். மேல்மட்டத்தில், பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பு, நிலைத்த அதிகாரப் பத்திரம், நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு ஆகிய மூன்றும் கொள்கை வகுப்போரின் கவனத்துக்குரியவை.

குடும்பங்களுக்குச் சொல்லத்தக்கது இதுவே: உரிமையைக் கடைசிவரை கையில் வைத்திருங்கள்; கொடுப்பதாயின் நிபந்தனையோடு கொடுங்கள்; நினைவு தெளிவாயிருக்கும்போது எழுதுங்கள்; எழுதியதைப் பிள்ளைகள் அனைவரும் அறியச் செய்யுங்கள். உழைத்துக் கட்டிய வீட்டில் முதியவர் தம் இறுதி நாள்களை விருந்தினராக அன்றி வீட்டுக்குரியவராகவே கழிக்க இதுவே உறுதியான வழி.